முதல் நாப்பது நிமிசத் தண்ணி

ஏனுங்க சார், நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு நாளு மீன் கொழம்பு வேண்டாம்னு சொன்னதுக்கு எவளாச்சும் பொறந்த ஊட்டுக்குப் போவாளுங்களா? இருபத்தாறு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்துனவ. சண்டையில்ல, சத்தமில்ல. நாலு சீலைய மடிச்சு மஞ்சப்பையில வெச்சா, போயிட்டா. இன்னியோட பதினேழு நாளாச்சு.

சிரிக்காதீங்க. கேட்டவங்க எல்லாருமே மொதல்ல சிரிக்கத்தான் செஞ்சாங்க.

பஸ்ஸு இப்போதைக்கு நவுராதுங்க. எட்டிப் பாருங்க, தரப்பாலத்து மேல தண்ணி போகுது. முழங்காலுக்கு மேல இருக்கும். டிரைவரு பீடி பத்த வெச்சுட்டாரு, இனி தண்ணி எறங்குனாத்தான். திரும்பலாம்னா பின்னால நாலு லாரி, ஒரு கல்யாண வேனு. எறங்கி நடக்கலாம்னா ரெண்டு பக்கமும் ஓடைப் பள்ளத்துத் தண்ணி. நான் பதினோரு மணிக்கு ஆர்டிஓ ஆபீசுல, அதாங்க கோட்டாட்சியர் ஆபீசுல, ஒரு விசாரணைக்கு இருக்கோணும். கம்பெனிக் கார்ல வாங்கன்னாங்க, மாட்டேன்னுட்டேன். ஊர்க்காரங்க வேன்ல எடம் இருக்குதுன்னாங்க, அதுவும் வேண்டாம்னுட்டேன். எவங்கூடவும் ஒட்டாம நம்ம பாட்டுக்குப் போவோம்னு பஸ் ஏறுனேன். அவங்க ரெண்டு வண்டியும் தண்ணி ஏறறதுக்கு முன்னாலயே பாலந்தாண்டிப் போயிருக்கும். நடுவுல மாட்டிக்கிட்டது நாந்தான்.

நீங்க கண்ணாடி வாங்கப் போறீங்களா? செரி செரி. உங்களுக்கு அவசரமில்ல.

எம்பேரு தெய்வசிகாமணி. கம்பெனியில சிகாமணிம்பாங்க. வெள்ளோட்டம்பாளையத்துக்கு இக்கட்டால, இந்தப் பக்கமா, கரண்டுக் கம்பத்துக்குப் பூச்சுப் போடற கம்பெனி ஒண்ணு இருக்குதுங்கள்ல, அங்கதான். இரும்புக் கம்பத்த ஆசிட்டுத் தொட்டியில முக்கி எடுத்து, அப்பறம் காச்சுன துத்தநாகத்துல முக்கி எடுப்பாங்க. பளபளன்னு ஆயிரும், அப்பறம் துருவே புடிக்காது. ஆனா எனக்கு அந்த வேலையில்ல. எனக்கு மழைதான் வேலை.

நெசமாத்தான் சொல்றேன். கம்பம் அடுக்கி வெக்கறதுக்கு அங்க பெரிய யார்டு ஒண்ணு இருக்குது, மேல கூரை கெடையாது. கம்பத்துல இருந்து ஆசிட்டு சொட்டும். துத்தநாகத் தூளு படியும். லாரியில இருந்து ஆயிலு ஒழுகும். வெயிலடிக்கறப்ப அது பாட்டுக்குக் கெடக்கும். மழை பேஞ்சா அத்தனையும் கழுவிக்கிட்டு வாய்க்கால்ல ஓடியாரும். வாய்க்காலு முடியற எடத்துல ஒரு தொட்டி, தொட்டியில ரெண்டு ஷட்டரு. ஒண்ணத் தெறந்தா தண்ணி கம்பெனிக் குளத்துக்குப் போகும். இன்னொண்ணத் தெறந்தா வெளிய, இதே பள்ளத்துக்குத்தான் போகும். பள்ளம் நேரா எங்கூரு ஏரிக்குப் போகுது. ஏரி நெறஞ்சா அக்கட்டால வழிஞ்சு இந்தப் பாலத்துக்கு வரும்.

ரூலு என்னன்னா, மழையில மொத நாப்பது நிமிசத் தண்ணி வெளிய போகப்படாது. அதுதான் யார்டக் கழுவிக்கிட்டு வர்ற தண்ணி. அதக் குளத்துல புடிச்சு வெச்சு, சுத்தம் பண்ணி, கம்பெனியே எடுத்துக்கோணும். அதுக்கப்பறம் வர்ற தண்ணியில ஒரு காயிதத்த முக்கிப் பாப்பேன். செவந்துச்சுன்னா இன்னும் ஆசிட்டு இருக்குதுன்னு அர்த்தம். பச்சையா நின்னா நல்ல தண்ணி, பள்ளத்துக்கு உடலாம். ஷட்டரு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சக்கரம். தெறக்க இருபத்திரண்டு சுத்து, மூட இருபத்திரண்டு சுத்து. சாவி என்ற இடுப்புல. பதினோரு வருசமா அதுதான் பொழப்பு. வானம் கருத்தாச் சோறு எறங்காது எனக்கு. ஒரு மழைக்குக்கூடத் தப்பு உட்டதில்ல.

ஒரே ஒரு நாளத் தவிர. அதத்தான சொல்ல வர்றேன்.

குளம்னதும் தாமரைக் குளம்னு நெனச்சுக்காதீங்க. சிமெண்டுக் குழி. அது எப்பவும் காலியா இருக்கோணும், அப்பத்தான மழைக்கு எடமிருக்கும்? ஆவணி மாசத்துல, வெளிநாட்டுக்காரங்க கம்பெனியச் சுத்திப் பாத்துட்டு ஆர்டர் குடுக்கப் போறாங்கன்னு சேதி வந்துச்சு. எங்க மேனேஜரு ஜோதிலிங்கம் சாரு குளத்தோரமா வந்து நின்னு பாத்தாரு. “சிகாமணி, வெறுங்குழியப் பாத்தா ஆருக்கு நம்பிக்கை வரும்? தண்ணி நெரப்பி மீன் உட்டுரலாம். கம்பெனிக்குள்ளயே மீன் வாழுதுன்னு அவங்க பாக்கட்டும்”னாரு.

நான் சொன்னேன் சார். சொல்லாம இல்ல. “மழைக்காலம் வருதுங்க, குளம் காலியா இருக்கோணுமுங்களே”ன்னு சொன்னேன். “அவங்க வந்துட்டுப் போனதும் எறச்சுரலாம்”னாரு. செரி, நான் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. மறுக்காச் சொல்றதுக்கு நான் என்ன மொதலாளியா?

போர்வெல் தண்ணி உட்டு நெரப்புனோம். மீனுக்கு எங்க போறது? என்ற மச்சினன் குப்புராசு இருக்கறானே, சாந்தாமணிக்குத் தம்பி. சாந்தாமணிங்கறது என்ற சம்சாரமுங்க. எங்கூரு ஏரியில மீன் குத்தகை எடுத்திருக்கறது அவந்தான். “மாமா வாயத் தொறந்து கேட்டு இல்லைன்னு சொல்லுவனா”ன்னு அன்னிக்கே வலையப் போட்டு, கட்லா, ரோகு, ஜிலேபின்னு அறுபது மீனு, ரெண்டு டிரம்முல உசுரோட கொண்டாந்து உட்டான். ஒத்தப் பைசா வாங்கல.

அப்பறம் என்னாச்சுன்னா, வர்றவங்க வரவேயில்ல. அடுத்த வாரம்னாங்க, அடுத்த மாசம்னாங்க. புரட்டாசி போச்சு, ஐப்பசி பொறந்துருச்சு. அந்த மீனுக்கு அன்னாடும் நாந்தான் பொரி போடுவேன். போடறதுக்கு முன்னால, குளத்துக்குத் தண்ணி வர்ற குழாய ஸ்பேனர்ல ரெண்டு தட்டுத் தட்டுவேன். டங், டங். அறுபதும் ஒட்டுக்கா அந்தக் குழா வாயிக்கு வந்து நிக்கும். ஒரு கட்லா மட்டும் எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளீட்டு முன்னால வரும். அட, மீனுக்கு இத்தன புத்தி இருக்குதான்னு இருக்கும். எங்களுக்குக் கொழந்தையில்லீங்க. இதுக்காக அதச் சொல்லல, பேச்சு வந்துச்சு, சொன்னேன். எறச்சுரலாமான்னு நடுவுல மேனேஜரு ஒருக்காக் கேட்டாரு. இன்னுங் கொஞ்ச நாளு இருக்கட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன்.

அது தப்புன்னு சொல்றீங்களா? ஆசையா வளத்தறது தப்புங்களா?

சித்தெ இருங்க, போனு. மேனேஜருதான். பாலத்துக்கிட்ட நிக்கறேன்னு அப்பவே சொல்லியாச்சு. எடுக்கலைங்க.

அந்தப் புதங்கெழமைக்கு வருவோம். மறுநா காலையில பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றது உறுதியாயிருச்சு. மத்தியானம் மூணு மணிக்கு வானம் இருட்டிக்கிட்டு வருது. மேனேஜரு போன் பண்ணுனாரு. “சிகாமணி, நாளைக்கு ஒரே ஒரு மீன் செத்து மெதந்தாலும் ஆர்டர் போச்சு. பாத்துக்குங்க”ன்னாரு. வெச்சுட்டாரு. நெசத்தச் சொல்லோணும் சார், பள்ளத்து ஷட்டரத் தெறன்னு அவரு சொல்லல. அந்த மாதிரி ஒரு வார்த்தை அவரு வாயில வரவேயில்ல. பாத்துக்குங்கன்னாரு, அவ்வளவுதான்.

மூணு பத்துக்கு மழை புடிச்சுது. புடிச்சுதுன்னா சாதாரண மழையில்ல. ரெண்டு மாசமாத் துளி மழையில்லாம யார்டுல அத்தன அழுக்குக் கெடந்துது. வாய்க்கால்ல தண்ணி செங்காமட்டி நெறத்துல, மேல நொர கட்டிக்கிட்டு வருது. வாசம் மூக்கக் கிழிக்குது. நான் கோணிச்சாக்கத் தலையில போட்டுக்கிட்டு தொட்டிக்கு ஓடுனேன். ரூல்படி குளத்து ஷட்டரு தெறந்துதான் இருக்குது, பள்ளத்து ஷட்டரு மூடியிருக்குது. ஒண்ணுமே பண்ணாம நின்னாப் போதும். அத்தனையும் குளத்துக்குப் போயிரும். கொஞ்சம் வழிஞ்சாலும் வழியட்டும்.

நான் ஓடுன அவசரத்துல இடுப்புல இருந்த ஸ்பேனரு குழா மேல பட்டுருச்சு. டங்குன்னு ஒரு சத்தம்.

அறுபதும் வந்துருச்சு சார். அந்த மழையிலயும். பொரி போடறான்னு நெனச்சுக்கிட்டு, அந்த அழுக்குத் தண்ணி வந்து உழுகப்போற குழா வாயிலயே வந்து நின்னு, வாயத் தெறந்து தெறந்து மூடுது. அந்தக் கட்லா முன்னால.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கண்ணு முன்னால நிக்கறது அறுபது மீனு. ஏரியில இருக்கறது கண்ணுல தெரியலீங்களே. குளத்து ஷட்டர மூடுனேன், இருபத்திரண்டு சுத்து. பள்ளத்து ஷட்டரத் தெறந்தேன், இருபத்திரண்டு சுத்து. கை பாட்டுக்குச் சுத்துது, வாயி பாட்டுக்கு எண்ணுது. பள்ளத்துல வேற தண்ணி வரும், கலந்து அடிச்சுக்கிட்டுப் போயிரும்னு நெனச்சேன். பள்ளத்துல தண்ணியே இல்ல. யார்டுத் தண்ணிதான் மொதத் தண்ணியா ஏரிக்குப் போச்சு.

எந்த ஷட்டர எத்தன மணிக்குத் தெறந்தேன்னு எழுதற மழை நோட்டுல அன்னிக்கு நான் எழுதவேயில்ல. அந்த வரிய உட்டுட்டேன். எழுதாம உடறது பொய்யாகாதுங்களே. மறுநா பாத்தா, தண்ணி குளத்துக்குத்தான் போச்சுன்னு ஆரோ எழுதியிருந்தாங்க. என்ற கையெழுத்தில்ல அது.

பொழுதோட ஊட்டுக்குப் போறேன், சட்டியில கொழம்பு கொதிக்குது. குப்புராசு மீன் குடுத்துட்டுப் போயிருக்கறான். வாரத்துல ரெண்டு நாளு குடுப்பான், எனக்கு மீனுன்னா உசுருன்னு அவனுக்குத் தெரியும். சாந்தாமணி தட்டு வெச்சா. எனக்கு அந்த வாசம் வந்ததும் கொமட்டிக்கிட்டு வந்துருச்சு. “வேண்டாம் புள்ள, நீயும் திங்காத, கொட்டிரு”ன்னேன். அவ ஒரு மாதிரிப் பாத்தா. “ஏனுங்க?”ன்னா. “வயிறு செரியில்ல”ன்னேன். வயிறு நெசமாவே செரியில்லீங்க. பொய் சொல்லல. “உங்களுக்கு வயிறு செரியில்லைன்னா நான் எதுக்குங்க கொட்டோணும்?”னு கேட்டா. நான் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

இதுல கூத்து என்னன்னா, அது காலையில புடிச்ச மீனு சார். மழை வந்ததே மத்தியானம். அது நல்ல மீனு. நல்ல மீனக் கொட்டச் சொன்னேன் பாருங்க. அதுதான் எங்கிரகம்.

மறுநா வெடிஞ்சா ஏரி முச்சூடும் வெள்ளையாக் கெடக்குது. வயிறு மேல திரும்பி அத்தனையும் மெதக்குது. குப்புராசு இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் கரையில போடறான். அழுகலீங்க அவன். “மாமா, நேத்து வலையில எப்படித் துள்ளுச்சு தெரியுமா? ஒரே நாள்ல இது எப்படி மாமா?”ன்னு எங்கிட்டக் கேக்கறான். நான் அவங்கூட நின்னு அள்ளிப் போட்டேன். ஒம்பது மணி வரைக்கும் அள்ளுனேன். நல்லாக் கை கழுவிக்கிட்டு கம்பெனிக்குப் போனேன், பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. ஸ்பேனர்ல தட்டுனேன், அறுபதும் வந்து நின்னுச்சு. ஒரு வெள்ளக்காரம்மா பொரியப் போட்டுட்டுக் கையத் தட்டிச் சிரிச்சுது. மேனேஜரு என்ற தோளுல தட்டிக் குடுத்தாரு.

ஊரு சும்மா இருக்குமா? ரெண்டாம் நாளு கம்பெனி கேட்டுக்கு முன்னால நூறு சனம். உங்க தண்ணிதான் ஏரிக்கு வந்துதுன்னு கத்துனாங்க. மேனேஜரு கோவிக்கவேயில்ல. வாங்கன்னு பெரியவங்க பத்துப் பேர உள்ள கூட்டீட்டுப் போனாரு. என்னத் தட்டச் சொன்னாரு. தட்டுனேன். “எங்க தண்ணி கெட்ட தண்ணின்னா இந்த மீனு உசுரோட இருக்குமாங்க? இதும் உங்க ஏரி மீனுதான், குப்புராசு குடுத்ததுதான், கேட்டுப் பாருங்க”ன்னாரு. குப்புராசும் அந்தப் பத்துப் பேருல நின்னான். அந்தக் கட்லாவப் பாத்து, “நல்லாப் பெருத்திருக்குது மாமா”ன்னான்.

ஆனாலும் ஊருக்கு மனசு ஆறல. கருப்பராயன் கோயல்ல வெச்சு சிகாமணி சத்தியம் பண்ணட்டும்னாங்க. எங்க பக்கத்துல அதுதாங்க கடைசிப் பேச்சு. சூடம் பத்த வெச்சுக் கையால அணைச்சுச் சொல்லீட்டா, அப்பறம் ஆரும் கேள்வி கேக்கப்படாது. நாட்டாமைக்காரரு கேட்டாரு, “கம்பெனிக் குளத்துத் தண்ணி வெளிய வந்துச்சா சிகாமணி?”

அவரு கேட்டது அதுதான் சார். குளத்துத் தண்ணியத்தான் கேட்டாரு. குளத்துத் தண்ணி ஒரு சொட்டு வெளிய வரல. குளத்து ஷட்டருதான் மூடியிருந்துச்சே! “குளத்துத் தண்ணி ஒரு சொட்டு வெளிய வரலீங்க”ன்னு சூடத்த அணைச்சேன். உள்ளங்கையப் பாருங்க, தழும்பு இன்னும் இருக்குது. வாய்க்காலுத் தண்ணி வந்துச்சான்னு கேட்டிருந்தா வந்துச்சுன்னு சொல்லியிருப்பேன். கேட்டா நான் மறைக்கற ஆளில்ல. ஒருத்தராச்சும் கேட்டிருக்கலாமுல்ல?

அப்பறம் நடந்ததுதான் நான் நெனைக்காதது. கம்பெனித் தண்ணியில்லைன்னு ஆயிப்போச்சா, அப்ப வேற எதுன்னு ஊரு தேட ஆரம்பிச்சுது. குப்புராசு மீனுக்குத் தீனியா ரெண்டு தடவ கோழிக் கழிவு கொட்டியிருக்கறான். எல்லாக் குத்தகைக்காரனுங் கொட்டறதுதான். புடிச்சுக்கிட்டாங்க. “இவங்கொட்டுன கழிவுலதான் ஏரி கெட்டுது, மாடு தண்ணி குடிக்கறதில்ல, இவனாலதான்”னு. ஏரிக்கரையில காலு வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு வலையக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. இன்னிக்கு ஆர்டிஓ விசாரணையே அதுக்குத்தான். அவங் குத்தகைய ரத்துப் பண்ணிக் கேசு போடோணும்னு ஊரு எழுதிக் குடுத்திருக்குது. கம்பெனி சார்பா நான் சாட்சி. பாருங்க, சட்டை ஜோப்புல இருக்கற இந்தக் காயிதம், மேனேஜரு குடுத்தது. கோயல்ல சொன்னதையே டைப் அடிச்சுக் குடுத்திருக்கறாரு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. குப்புராசுக்கும் முடிஞ்சுது.

சாந்தாமணி எங்கிட்டச் சண்டைக்கு வரலைங்க. கோயலுக்கு அவளும் வந்திருந்தா. ஊட்டுக்கு வந்ததும் என்ற கையில வெண்ணெய் தடவி உட்டா. தடவிக்கிட்டே கேட்டா, “ஏனுங்க, மீனு செத்தது வெசாழக்கெழமை காலையில. நீங்க மீனு வேண்டாம்னது புதங்கெழமை பொழுதோட. எப்படிங்க?”

நான் வயிறு செரியில்லைன்னு சொன்னேன்.

“வயிறு உங்குளுதுங்க. என்னைய எதுக்குங்க திங்க வேண்டாம்னீங்க?”ன்னு கேட்டா. நான் உள்ளங்கையவே பாத்துக்கிட்டிருந்தேன். பேசுனாத்தான பொய்யாகும்? வெண்ணெயத் தடவி முடிச்சுட்டுக் கையக் கழுவுனா, சீலைய மடிச்சா, போயிட்டா. அவ்வளவுதான். ஊரெல்லாம் கேக்குது, என்னப்பா பண்ணுனே, என்னப்பா பண்ணுனேன்னு. ஒரு நாளு மீனு வேண்டாம்னு சொன்னேன்ங்க, வேறென்ன சொல்றது?

இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிக்கறேன், எதுத்தாப்புல வந்து நிக்கறா. பதினேழு நாளைக்கப்பறம். கையில இந்தத் தூக்குப்போசி, உள்ள சோறும் மீன் கொழம்பும். “ஏரி மீனுங்க. ஆழத்துல நாலஞ்சு பொழச்சுக் கெடந்துருக்குது, என்ற தம்பி நேத்து மறைஞ்சு போயித் தூண்டில் போட்டுப் புடிச்சான்”னா. நான் வாங்கிக்கிட்டேன். அப்பறந்தான் சொல்றா: “நீங்க சூடம் அணைச்சுச் சொன்னது நெசம்னா இதத் தின்னுட்டுப் போங்க. தின்னேன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பைய எடுத்துக்கிட்டு நம்மூட்டுக்கு வந்தர்றேன். திங்க முடியலைன்னா, அங்க போயி என்ன சொல்லோணுமோ அதச் சொல்லுங்க.” திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா.

இது ஞாயமுங்களா? கருப்பராயனுக்கே போதும்னு ஆனது இவளுக்குப் போதலை.

திங்கலாம்னுதான் சார் இருந்தேன். ஏறுனப்பக் கூட்டம். அப்பறம் எடங் கெடச்சுது, பஸ்ஸு குலுங்குச்சு. இப்ப ரெண்டு மணி நேரமா நிக்குது, குலுக்கமும் இல்ல. கை கழுவத் தண்ணியில்லைங்க. சுத்தியும் பாருங்க, அத்தன தண்ணி ஓடுது, கை கழுவறதுக்கு ஒரு சொம்பு இல்ல. மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கறேன். சூடு ஆறிப்போச்சு. அவ கைக் கொழம்பு ஆறுனாத்தான் இன்னும் ருசியா இருக்கும். மொளகாயும் மல்லியும் வறுத்து அம்மியில அரைப்பா. மிக்சியில போட மாட்டா.

சார், நீங்க காலையில ஒண்ணுமே திங்கலைன்னீங்கள்ல? வேண்டாம்னு சொல்லாதீங்க. பசிக்கற மொகம் எனக்குத் தெரியும். நீங்க திங்கறீங்களா? சோறும் இருக்குது, கொழம்பும் இருக்குது. நீங்க தின்னுட்டீங்கன்னா போசி காலி. “போசி காலி சாந்தாமணி”ன்னு போன்ல சொல்லுவேன். அது பொய்யில்லீங்களே? காலிதான? ஆரு தின்னாங்கன்னு அவ கேட்டாத்தான. இந்தாங்க. கூச்சப்படாதீங்க. மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், இடது கையில புடிச்சுக்கிட்டுத் திருகுங்க...

தொடாதீங்க! வேண்டாம்! கைய எடுங்க, கைய எடுங்க சார்!

மன்னிச்சுக்குங்க. பயந்துட்டீங்களா? மன்னிச்சுக்குங்க சாமி. உங்க கைய அப்படி வெடுக்குன்னு தட்டியிருக்கக் கூடாது. வெசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க அதுல. அவ எனக்கு வெசம் வெப்பாளா? மூடிய நீங்க திருகுனீங்க பாருங்க, ஒரு சுத்து. எனக்கு வாயி தானா ஒண்ணுன்னு எண்ணிருச்சு.

உங்களத் திங்க உடறதுக்கே எனக்கு மனசு வரலியே சார். நீங்க ஆரு, நான் ஆரு? ஊரே அந்த ஏரியில மாடு கழுவுது, துணி தொவைக்குது. அவங்களுக்கு நான் கொட்டிருன்னு ஒரு வார்த்தை சொல்லல. குப்புராசு அன்னிக்கு இடுப்பளவு தண்ணியில நின்னான். அவன வெளிய வாடான்னு சொல்லல.

ஏனுங்க, எல்லாரும் எதுக்கு இப்படித் திரும்பிப் பாக்கறீங்க? ஒண்ணுமில்லீங்க. சத்தமாப் பேசீட்டேன். நீங்க பாருங்க உங்க வேலைய.

தண்ணி எறங்குதுங்களா? கண்டக்டரு பாலத்துல எறங்கி நின்னு பாக்கறாரு. கணுக்காலுக்கு வந்துருச்சு போல. பத்து நிமிசத்துல எடுத்துருவாரு. எடுத்தாப் பதினோரு மணிக்குப் போயிரலாம். போயிரலாமுங்க. போயி என்ன சொல்றதுன்னுதான்.

நான் ஒண்ணு நெனைக்கறேன் சார். இத இப்படியே, மூடி தெறக்காமக் கொண்டு போயி ஆர்டிஓ மேசை மேல வெச்சர்றேன். “என்னய்யா இது?”ம்பாரு. ஏரி மீனுங்க, என்ற சம்சாரம் குடுத்தாங்கன்னு சொல்லுவேன். “ஏன் திங்கல?”ம்பாரு. கேட்டாருன்னா சொல்லிருவேன். இருபத்திரண்டு சுத்தையும் சொல்லிருவேன். ரெண்டு இருபத்திரண்டு. வேலை போகும், கேசு வரும், ஊரு என்ன உசுரோட உடுமான்னு தெரியல, குப்புராசு மொகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல. ஆனாக் கேட்டுட்டா எனக்கு மறைக்கத் தெரியாது.

கேப்பாருங்கள்ல? “அதெல்லாம் ஓரமா வை, அந்தக் காயிதத்தப் படி”ன்னு சொல்லீட்டாருன்னா? அத்தன கூட்டத்துல போசிய ஆரு பாக்கப் போறாங்க? சார், உங்களுக்கு அவசரமில்லைன்னீங்கள்ல. நீங்க எங்கூட வந்தா என்னங்க? ஒண்ணும் பேச வேண்டாம். பின்னால நின்னுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை, ஏன் திங்கலைன்னு கேளுங்க. நீங்க கேட்டாப் போதும்.

வேண்டாங்களா? செரி. உங்களுக்கெதுக்கு இந்த வம்பு. செரிதான்.

போனு அடிக்குது. மேனேஜராத்தான் இருக்கும்.

இல்லீங்க. சாந்தாமணி.

பதினேழு நாளா நான் போட்டா எடுக்காதவ, அவளே போடறா. இருங்க சார். எடுக்கறேன். எடுத்துத்தான ஆகோணும்.

அலோ. சொல்லு புள்ள. ஆமா, பாலத்துக்கிட்டதான் நிக்கறோம். இப்ப எடுத்துருவான். ம். கையிலதான் இருக்குது.

இல்ல.

இல்ல சாந்தாமணி, திங்கல. என்னால முடியல.

அழுகாத. ஏன்னா கேக்கறே? இரு, வெச்சறாத. சொல்றேன். கேட்டுக்க. அன்னிக்கு மூணு பத்துக்கு மழை புடிச்சுது.